முகாமையாளர் விபுலாநந்த அடிகள்

திருகோணமலைக்குப் புகைவண்டியிற் செல்வோர் நகரை அடையுமுன் சீனன்குடா நிலையத்தைக் கடக்கின்றனர். கடல் நிலத்தினுள் நுழைந்து குடாவாக அமைதிகொண்டு கிடக்கும் இடம் அது. காட்டு மரங்களினிடையே வரிசை வரிசையாக எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியக் கடற்படையினர் தம் கப்பல்களின் தேவை கருதி அமைத்தவை அவை. அவற்றின் அருகே விமானத் தளமொன்றும் உண்டு. இந்த நூற்றாண்டிலும் அத்தாங்கிகளைப் பற்றிய உடன்படிக்கைகளும் வாதங்களும் பத்திரிகைகளின் முதற் பக்கத்தை நிரப்பி வந்திருக்கின்றன. ஒரு துறைமுகத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் இரும்பையும் எண்ணெயையும் போர்க்கப்பல்களையும் பற்றி எழுதுவதே வழக்கம்.

ஆயினும், 1920ஆம் ஆண்டுகளில் சீனன்குடாவை ஊடறுத்துப் புகைவண்டிப் பாதை வந்துகொண்டிருந்த அதே காலத்தில், திருகோணமலை நகரில் வேறொரு பணியும் நடைபெற்றது. காவியுடை தரித்த ஒருவர் பாடசாலையொன்றின் வரவு இடாப்பையும் கணக்கேட்டையும் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி; மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர்; பிற்காலத்தில் யாழ் நூல் இயற்றித் தமிழுலகம் வியக்க நின்றவர். அவரே சுவாமி விபுலாநந்தர்.

யாழ் நூலாசிரியரைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். பேராசிரியர் விபுலாநந்தரைப் பல்கலைக்கழகங்கள் அறியும். முகாமையாளர் விபுலாநந்தரை அறிந்தார் சிலரே. அம்மூன்றாமவரைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றோம்.

காரைதீவிலிருந்து

மட்டக்களப்புக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவே அமைந்த காரைதீவு என்னும் ஊரில், சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாக 1892ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். பிள்ளைப் பருவத்து நோயொன்று நீங்கிய பின்னர், கதிர்காமக் கந்தன் மீது கொண்ட பக்தியால் பெற்றோர் அவரை மயில்வாகனன் என்று அழைத்தனர். தமிழும் வடமொழியும் ஊரிலே கற்றார். ஆங்கிலம் கற்க அவர் நாடியவை கிறிஸ்தவப் பாடசாலைகளே. கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, 1908இல், பதினாறாம் வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார்.

இச்செய்தி அவருடைய பிற்கால வாழ்வை விளங்கிக்கொள்ள மிகவும் வேண்டியது. கிழக்கிலங்கையின் சைவப் பிள்ளை ஒருவன் ஆங்கிலக் கல்வி பெற விரும்பினால், அக்காலத்தில் மிஷன் பாடசாலையின் வாயிலையன்றி வேறு வாயில் பெரும்பாலும் இல்லை. மயில்வாகனனார் அவ்வாயிலின் வழியே சென்று பயனடைந்தவர். தமக்குக் கல்வியளித்த பாதிரிமாரை அவர் மறந்தவருமல்லர், இகழ்ந்தவருமல்லர். பின்னாளில் தாம் பாடசாலைகள் நடத்தியபோது அவருடைய முயற்சியில் பகைமை கலவாதிருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்று, கற்ற கல்லூரியிலேயே சிறிது காலம் கற்பித்தார். 1915இல் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்தார். 1916இல் விஞ்ஞான டிப்ளோமாவும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் ஒரே ஆண்டில் அவரை வந்தடைந்தன. பண்டிதர் பரீட்சையில் தேறிய முதல் இலங்கையர் அவரே. பின்பு யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே படித்து, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். அதையடுத்து மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரை அதிபராக ஏற்றுக்கொண்டது. அப்போது அவருக்கு வயது முப்பதும் நிரம்பவில்லை.

உலகியல் நோக்கில் அதற்குமேல் வேண்டுவது என்ன? பட்டமும் பதவியும் இளமையும் ஒருங்கே வாய்த்திருந்தன. 1922இல் அவற்றைத் துறந்து சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரிய நாமத்துடன் ஈராண்டு இருந்து, 1924இல், ஸ்ரீ இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர்ச் சீடருள் ஒருவரான சுவாமி சிவாநந்தரிடம் சந்நியாசம் பெற்று விபுலாநந்தர் ஆனார். அங்கிருந்த நாட்களில் மடத்தின் தமிழ்ப் பத்திரிகையாகிய இராமகிருஷ்ண விஜயத்துக்கும் ஆங்கிலப் பத்திரிகையாகிய வேதாந்த கேசரிக்கும் ஆசிரியராகப் பணியாற்றினார்.

துறவும் துறவாத பொறுப்பும்

வீடு துறந்தவர்க்குக் காடும் குகையும் காத்திருக்கும் என்பது நாம் கதைகளிற் கண்டது. விபுலாநந்தருக்குக் காத்திருந்தவையோ வரவு இடாப்புகளும் சம்பளப் பட்டியல்களும். 1925இல் அவர் இலங்கைக்குத் திரும்பினார். இராமகிருஷ்ண மிஷன் இந்நாட்டில் ஏற்றிருந்த கல்விப் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் வைத்தீஸ்வர வித்தியாலயம் இருந்தது. மட்டக்களப்புப் பகுதியில் பாடசாலைகள் தோன்றிக்கொண்டிருந்தன. அதே ஆண்டில் திருகோணமலை இந்துக் கல்லூரியும் மிஷனின் முகாமையின்கீழ் வந்தது.

அந்நாளைய திருகோணமலை எத்தகைய நகரம்? சம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசர் திருத்தலம் இருந்த நகரம். 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய நகரம். ஆங்கிலேயர் ஆட்சியில் அதன் செல்வநிலை கடற்படையின் வரவு செலவோடு பிணைந்திருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடற்படைத் தளத்தின் வேலைகள் குறைக்கப்பட்டபோது ஊரும் தளர்ந்தது. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளும் புகைவண்டிப் பாதையும் வந்த பின்னரே மீண்டும் வேலையும் ஆள் நடமாட்டமும் பெருகலாயின. கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கு ஆங்கிலப் பாடசாலைகளை நிலைநிறுத்தியிருந்தனர். சைவர்கள் அந்நூற்றாண்டின் இறுதியில் தமக்கென ஒரு பாடசாலையைத் தொடங்கினர். பெண்களுக்கென 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் ஒரு வித்தியாலயத்தைத் தோற்றுவித்தார். முயற்சிக்குக் குறைவில்லை. முயற்சியைத் தாங்கி நிற்கும் நிருவாகமே அரிதாயிருந்தது. நல்லெண்ணத்தோடு பாடசாலை தொடங்குவோர் பலர். பத்தாம் ஆண்டிலும் அதன் கூரையை ஒழுகாமல் வைத்திருப்போர் சிலரே அல்லவா? சுவாமியார் முகாமையாளராயிருந்ததோடு அமையாது, திருகோணமலைக் கல்லூரியின் தலைமையாசிரியர் பொறுப்பையும் சில காலம் தாமே சுமந்தார்.

முகாமையாளரின் மேசை

இனி அம்முகாமையாளரின் வேலை யாது என்று பார்ப்போம். இக்காலத்து மாணவர்க்கு இது புதுமையாகத் தோன்றலாம்.

உலகின் பல நாடுகளில் பாடசாலைகளை நடத்த ஊர்ச் சபைகள் உண்டு. அமெரிக்காவில் மாவட்டந்தோறும் மக்கள் தேர்ந்தெடுத்த பாடசாலைச் சபை கூடி ஆசிரியர் நியமனத்தையும் கட்டடச் செலவையும் ஆராய்ந்து முடிவு செய்கின்றது. இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாடசாலைச் சபைகள் தோன்றி, 1902ஆம் ஆண்டுச் சட்டத்தால் உள்ளூராட்சி மன்றங்களிடம் பொறுப்பை ஒப்படைத்து மறைந்தன. தமிழ்நாட்டில் ஜில்லா போர்டுகள் பாடசாலைகள் நடத்தியதை முதியோர் நினைவில் வைத்திருந்தனர். இலங்கையிலும் 1907ஆம் ஆண்டு நாட்டுப்புறப் பாடசாலைக் கட்டளைச் சட்டத்தின்படி, அரசாங்க அதிபரின் தலைமையில் மாவட்டப் பாடசாலைக் குழுக்கள் அமைந்தன. அரசாங்கத் தன்மொழிப் பாடசாலைகளுக்குக் கட்டடம் அமைப்பதும், பிள்ளைகள் வரவை வற்புறுத்துவதும் அவற்றின் கடமை.

ஆனால் நாட்டின் தமிழ்ப் பகுதிகளில் மிகப் பல பாடசாலைகள் அரசாங்கப் பாடசாலைகளல்ல. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகள். மிஷன்களும் சங்கங்களும் தனியாரும் அவற்றை நிறுவினர். அரசாங்க வித்தியா பகுதி விதிகளை வகுத்து, அவ்விதிகளின்படி நடந்தால் பணம் கொடுத்தது. அவற்றுக்குச் சபை என்று ஒன்று இருப்பினும் இல்லாவிடினும், அரசாங்கம் கடிதம் எழுதுவதும் கணக்குக் கேட்பதும் ஒருவரிடமே. அவரே முகாமையாளர். ஊரார் வாயில் மனேஜர். அமெரிக்க ஊரொன்றில் சபையார் பலர் கூடிப் பகிர்ந்து செய்யும் வேலையை இங்கே அவர் ஒருவரே செய்தார்.

அவர் மேசைமீது முதலிற் கிடப்பது சேர்விடாப்பு. பிள்ளை எந்நாளிற் சேர்ந்தான், எவ்வயதினன், எப்பாடசாலையிலிருந்து வந்தான் என்பன அதில் இருத்தல் வேண்டும். அடுத்தது வரவு இடாப்பு. குறித்த வேளையில் குறியிடப்பட வேண்டும். அழித்தல் திருத்தல் கூடாது. ஏனெனின், சராசரி வரவைக் கொண்டே எத்தனை ஆசிரியர்க்கு நன்கொடை கிடைக்கும் என்பது கணிக்கப்பட்டது. அறுவடைக் காலத்திற் பிள்ளைகள் வயலுக்குச் சென்றால், மாரியில் வெள்ளம் வழியை மறித்தால், காய்ச்சல் ஊரைப் பற்றினால், இடாப்பில் வெற்றிடங்கள் மிகும். அவ்வெற்றிடங்கள் சேர்ந்து ஓராசிரியரின் சம்பளத்தையே விழுங்கிவிடவும் கூடும். வயற்காட்டிற் பறவை விரட்டும் சிறுவன் ஒருவனைப் பள்ளிக்கு அழைத்துவருதல் அறப்பணி மாத்திரமன்று. அந்தப் பள்ளி உயிரோடிருப்பதற்கு வேண்டிய கணக்குமாகும்.

மூன்றாவது சம்பவத் திரட்டுப் புத்தகம். பாடசாலை தொடங்கிய நாள், விடுமுறை, ஆசிரியர் வரவு, வித்தியாதரிசியின் வருகை யாவும் அதிற் பதியப்படும். வித்தியாதரிசி முன்னறிவித்து வருவதும் உண்டு. அறிவியாது வந்து நிற்பதும் உண்டு. அவர் எழுதிச் செல்லும் அறிக்கையில் கரும்பலகை பழுது, வாங்குகள் போதா, கிணற்றுக்குக் கட்டில்லை, ஓலைக் கூரை வேயப்பட வேண்டும் என்று இருந்தால், அவற்றுக்கெல்லாம் விடையளித்துச் செய்து முடிக்க வேண்டியவர் முகாமையாளரே. அரசாங்க நன்கொடை பெரும்பாலும் ஆசிரியர் சம்பளத்தைக் குறித்தது. நிலமும் கூரையும் தளபாடமும் முகாமையின் தலைமேல். ஆதலால் மாதந்தோறும் சம்பளப் பட்டியலில் ஒப்பமிடுபவரே மறுநாள் தனவந்தர் வீட்டு வாயிலில் ஓலைக்கும் ஓட்டுக்கும் உதவி வேண்டி நிற்கவும் நேர்ந்தது.

இவற்றின்மேல் சட்டப் பிணக்குகளும் இருந்தன. ஏற்கெனவே உதவி பெறும் பாடசாலைக்கு மிக அணித்தே மற்றொன்று தொடங்கினால் நன்கொடை மறுக்கப்படுவதற்கு விதி இருந்தது. முதலில் வந்தோர்க்கு அவ்விதி அரண். பின்னர் வந்தோர்க்குத் தடை. மிஷன் பாடசாலைகள் ஊர் நடுவே வேரூன்றிய பின்னர்ப் பாடசாலை தொடங்கிய சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் இவ்விதியோடு பல்லாண்டு போராட வேண்டியிருந்தது. பிற சமயப் பிள்ளையைப் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாகச் சமயபாடத்தில் இருத்தலாகாது என்னும் மனச்சாட்சி விதியும் இருந்தது. சைவர் நடத்தும் பாடசாலையில் முஸ்லிம் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் வந்தமர்ந்தால், முன்பு தாம் எதிர்பார்த்த நீதியை இப்போது தாமே வழங்கும் கடமை அம்முகாமைக்கு ஏற்பட்டது. கிழக்கிலங்கை தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் நிலமாதலால், இது ஏட்டு விதியாய் நில்லாது நாள்தோறும் கண்முன் நின்ற ஒன்று.

இவ்வளவும் ஒரு பாடசாலைக்கு. பல பாடசாலைகளுக்கு முகாமையாளராயின்? அதுவும் ஒன்று யாழ்ப்பாணத்தில், ஒன்று திருகோணமலையில், மற்றவை மட்டக்களப்பில் எனின்? மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குக் கரையோரப் பாதை வழியே செல்வோர் அக்காலத்தில் ஆறுகளையும் களப்பு முகங்களையும் துறைத்தோணியிற் கடக்க வேண்டியிருந்தது. 1920ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் புகைவண்டி இவ்விரு நகரங்களையும் எட்டியது. அதன் பின்னரும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வோர் உட்காடு வழியே கல்லோயாச் சந்தியைச் சுற்றியே செல்ல வேண்டியிருந்தது.

கல்லடி-உப்போடை

இத்தனைக்கும் நடுவே அவர் புதியதோர் கல்லூரியையும் தோற்றுவித்தார். மட்டக்களப்பு நகருக்கு அப்பால், வாவிக்கும் கடலுக்கும் இடையே உள்ள கல்லடி-உப்போடையில், 1929இல் சிவாநந்த வித்தியாலயம் திறக்கப்பட்டது. தமக்குச் சந்நியாசமளித்த குருவின் பெயரையே அதற்கு இட்டார். தாம் பிள்ளையாயிருந்தபோது இல்லாதிருந்த வாயிலொன்று இப்போது தம் நாட்டுப் பிள்ளைகளுக்குத் திறந்தது. விஞ்ஞானமும் ஆங்கிலமும் தமிழும் சமயமும் ஒரு கூரையின்கீழ் ஒன்றையொன்று பகையாது இருத்தல் கூடும் என்பது அவர் உள்ளத்தில் உறுதிபெற்றிருந்த கருத்து. தாமே அதற்குச் சான்றாய் நின்றவரல்லவா?

அவருடைய முயற்சி தனித்து நின்றதன்று. 1923இல் யாழ்ப்பாணத்தில் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றியிருந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் முதலிய பெரியோர் ஆதரவுடன், வழக்கறிஞர் சு. இராசரத்தினம் அச்சங்கத்தின் முகாமையைத் தம் வாழ்வின் வேலையாகவே மேற்கொண்டு, வடபகுதி முழுவதும் பாடசாலைகளைப் பெருக்கினார். இந்து போர்ட் என்பதே அவர் பெயருக்கு அடைமொழியாயிற்று. வடக்கே ஒரு வழக்கறிஞரும் கிழக்கே ஒரு துறவியும் ஒரே காலத்தில் ஒரே வகை இடாப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

எனினும் இம்முறையின் குறைகளை மறைத்தல் முறையன்று. முகாமையாளர் ஒருவரிடமே நியமனமும் நீக்கமும் இருந்தமையால், ஆசிரியர் பலர் அவர் தயவை நோக்கி வாழ நேர்ந்தது. சமயப் போட்டியால் ஓரூரில் இரு பாடசாலைகள் நலிவதும், மற்றோரூரில் ஒன்றுமே இல்லாதிருப்பதும் உண்டு. இவற்றிலும் கொடிது சாதிப் பாகுபாடு. உதவி நன்கொடைப் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் அமர வேண்டும் என்று 1920ஆம் ஆண்டுகளின் இறுதியில் வித்தியா பகுதி பணித்தபோது, யாழ்ப்பாணத்தில் அதற்கு எழுந்த எதிர்ப்பு நம் சரித்திரத்தில் ஒரு கறை. ஒரு வாங்கு எங்கே இடப்படும் என்பது நாளாந்த நிருவாகத்தின் மிகச் சிறிய வினா. அச்சிறிய வினாவிலேதான் ஒரு சமுதாயத்தின் நெஞ்சம் முழுவதும் வெளிப்பட்டது.

விபுலாநந்தர் இவ்விடயத்தில் எப்பக்கம் நின்றார் என்பதற்கு அவர் செயலே சான்று. 1931இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. 1933 வரை அங்கு இருந்தார். பகலிற் பல்கலைக்கழகத்தில் சங்க இலக்கியமும் சிலப்பதிகாரமும் விளக்கிய அவர், மாலையில் அருகிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று, தீண்டாதார் என ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். அங்கே நன்கொடையுமில்லை, வித்தியாதரிசியுமில்லை, இடாப்பு வேண்டுமென்று கேட்பாருமில்லை. விதி வற்புறுத்தாத இடத்திலும் அவர் செய்தது இது. எனவே விதி வற்புறுத்திய இடத்தில் அவர் பட்ட சிரமம் எதன் பொருட்டு என்பதில் ஐயமில்லை.

இழப்பும் ஈட்டமும்

அவர் அன்பர்களிற் சிலர்க்கு ஒரு குறை உண்டு. இசையும் நாடகமும் விஞ்ஞானமும் மும்மொழிப் புலமையும் ஒருங்கே வாய்த்த பேரறிஞரின் இளமைக் காலத்தைப் பாடசாலைக் கணக்குகள் தின்றுவிட்டன என்பது அக்குறை. இதனை எளிதில் தள்ளிவிடுதல் இயலாது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு வைத்து ஆராய்ந்த மதங்க சூளாமணி 1926இல் வெளிவந்தது. அதன்பின் யாழ் நூல் வெளிவர இருபத்தோராண்டுகள் சென்றன. இடையே எழுதக்கூடியனவாயிருந்து எழுதப்படாது போன நூல்கள் எத்தனையோ? 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்க வழிவகுத்த அவர், விஞ்ஞான நூல்களைத் தாமே எழுதியிருந்தால் தமிழ் எவ்வளவு பயன்பெற்றிருக்கும்!

எனினும், மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். கலைச்சொல் வேண்டும் என்ற உணர்வு அவருக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று. ஆங்கிலத்தில் விஞ்ஞானத்தை மனனம் செய்து திகைக்கும் பிள்ளையை வகுப்பறையில் நேரிற் கண்டவர் அவர். யாழ் நூலின் முறையும் அவ்வாறே. பழந்தமிழ் இசைக் குறிப்புகளை வியந்து பாராட்டுவதோடு நில்லாது, நரம்பின் நீளத்தையும் சுருதியின் விகிதத்தையும் எண்ணால் அளந்து, அழிந்துபோன கருவிகளின் வடிவை வரையறுத்தார் அவர். எண்ணைப் பிழையாது எழுதும் பழக்கமும், சிறு வேறுபாட்டையும் பொருட்படுத்தும் பொறுமையும் அந்நூலின் அடித்தளம். இடாப்பைத் திருத்தமாக வைத்திருந்தவரும் நரம்பைத் திருத்தமாக அளந்தவரும் ஒருவரே. இதனால் இடாப்புத்தான் யாழைத் தந்தது என்று கூறுவோமல்லோம். இரண்டும் ஒரே மனத்தின் இரு தொழில்கள் என்பதே நாம் சொல்ல வந்தது.

1939 முதல் இமயச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து பிரபுத்த பாரத என்னும் ஆங்கிலப் பத்திரிகையை நடத்தினார். பாடசாலைகளின் சுமையை உடன் உழைத்த துறவியர், சிறப்பாகச் சுவாமி நடராஜாநந்தர், தாங்கினர். முகாமையாளரின் திறமைக்கு உண்மையான அளவுகோல் இதுவே. அவர் நீங்கிய பின்னரும் பாடசாலை மணி உரிய வேளையில் ஒலிக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். மிஷனின் பாடசாலைகளில் அது ஒலித்தது.

போர் வந்தது, சட்டம் மாறியது

1942 ஏப்ரல் 9ஆம் நாள் காலையில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கியொன்று தீப்பற்றி எரிந்தது. மக்கள் பலர் நகரைவிட்டு உட்பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். பிள்ளைகளற்ற நகரில் இடாப்பில் யாரைக் குறிப்பது? நாளாந்த அலுவல் எவ்வளவு அருமையானது என்பதை அது நின்றுபோகும் நாளிலேதான் உலகம் உணர்கின்றது. மணி அடிப்பதும், பெயர் கூப்பிடுவதும், பிள்ளை விடையிறுப்பதும் ஒரு நகரம் அமைதியாய் வாழ்கின்றது என்பதற்கு அடையாளங்கள்.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகச் சுவாமியார் கொழும்புக்கு வந்தார். கல்வி மந்திரி கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஒக்டோபர் முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. உதவி நன்கொடைப் பாடசாலைகள் அத்திட்டத்திற் சேர்வதா, விலகிக் கட்டணம் வாங்குவதா என்பது பெரிய வினாவாயிற்று. ஏழைப் பிள்ளைக்குக் கல்வி எட்ட வேண்டும் என்று சுவாமியார் உழைத்த இருபதாண்டுகளின் பயனை இப்போது அரசாங்கமே தன் கடமையாக ஏற்றது.

1947 ஜூன் மாதத்தில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. நோயால் உடல் தளர்ந்திருந்த நிலையிலேயே அவ்விழாவில் அவர் வீற்றிருந்தார். அடுத்த மாதம், ஜூலை 19ஆம் நாள், கொழும்பில் அவர் ஆவி பிரிந்தது. பொன்னுடல் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டுக் கல்லடி-உப்போடையில், அவர் தோற்றுவித்த சிவாநந்த வித்தியாலய வளவிலே அடக்கம் செய்யப்பட்டது. எத்தனையோ மண்டபங்களும் மடங்களும் அவரை ஏற்க மகிழ்ந்திருக்கும். அவர் துயில்வதோ, பிள்ளைகளின் குரல் நாள்தோறும் கேட்கும் ஒரு பாடசாலையின் நிலத்தில்.

அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசாங்கத்தின் கீழ்க் கொணர்ந்தன. இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகளும் அவ்வாறே ஒப்படைக்கப்பட்டன. முகாமையாளர் என்னும் பதவியே நாட்டிற் பெரும்பாலும் மறைந்தது. அதனால் நீங்கிய தீமைகளும் உண்டு. ஊராரின் உரிமையுணர்வு குன்றிய இழப்பும் உண்டு. அவ்வழக்கை இங்கு தீர்க்க வேண்டுவதில்லை.

இன்று திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ ஓராசிரியர் காலையில் வரவு இடாப்பை விரிக்கும்போது, அது உயிரற்ற வேலை என்று சலித்துக்கொள்ளுதல் இயல்பே. ஆயினும், ஒரு பெயருக்கு நேரே இடும் அச்சிறு குறிக்காக, பட்டமும் பதவியும் துறந்த ஒருவர் தம் வாழ்நாளின் வளமான ஆண்டுகளைக் கொடுத்தார் என்பதை அவர் நினைத்துப் பார்த்தல் நன்று. அந்தப் பிள்ளை இன்று வந்திருக்கின்றான் என்பதே அக்குறியின் பொருள். விபுலாநந்த அடிகள் வேண்டியதும் அதுவே.